அடியை மீற்றராக்குவோம்: ரெஜெக்ஸ் மாற்றீட்டில் கால்பேக் சார்பைச் சோதிக்கும் முறை

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று வன்னியில் எந்தக் குளத்தைக் கேட்டாலும் தண்ணீர் மட்டத்தை அடியில்தான் சொல்வோம். மழைவீழ்ச்சியோ மில்லிமீற்றரில் வருகிறது. இரண்டையும் ஒரே வரைபில் போட்டுப் பார்க்க நினைக்கும் மாணவருக்கு முதல் வேலை, கொப்பியிலிருந்து தட்டச்சு செய்த குறிப்புகளில் கிடக்கும் "34 அடி 6 அங்குலம்" போன்றவற்றை மீற்றருக்குக் கொண்டுவருவது. ஒன்றிரண்டு வரி என்றால் கையாலேயே செய்துவிடலாம். ஒரு கமக்கார அமைப்பின் பல வருடக் குறிப்பு என்றால் கணினியிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பது குளத்தில் நிற்கும் தண்ணீரை வைத்துத்தான் முடிவாகிறது. அந்த எண்ணைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும் நிரலை யாரிடமும் கொடுக்கக் கூடாது. அதனால் இந்தக் கட்டுரையில் மாற்றும் வழியைச் சுருக்கமாகவும் சோதிக்கும் வழியை விரிவாகவும் எழுதுகிறேன்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவர்களுக்குப் பைத்தன் பழக்கமாக இருக்கும். அதையே எடுத்துக்கொள்கிறேன். ரெஜெக்ஸ் என்றால், தேட வேண்டிய எழுத்து அமைப்பை ஒரு கோலமாக எழுதி உரையில் தேடும் முறை. அதற்கு வேண்டிய 'ரீ' என்ற தொகுதி பைத்தனோடு கூடவே வருகிறது. டேட்டா செலவழித்து எதையும் தரவிறக்கத் தேவையில்லை. ஒரு குறிப்பு: நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டிய கட்டளைகளை இங்கே அவற்றின் ஒலிப்பில் தமிழில் தருகிறேன். டெஃப், ரிட்டர்ன், அசேர்ட், ரீ.சப் என்று பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும். மாறிகளுக்கும் சார்புகளுக்கும் நான் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர்களை அப்படியே தமிழிலேயே தட்டலாம்; பைத்தன் 3 அவற்றை ஏற்கும். எடுத்துக்காட்டுகளில் உள்ள குள மட்டங்கள் பயிற்சிக்காக நான் போட்டவை.

தொடங்குமுன்: கோப்பு யூனிகோடுதானா?

எங்கள் பக்கத்துப் பழைய ஆவணங்களில் நிறையப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. திரையில் "அடி" என்று தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்தக் கோப்பில் "அடி" என்று தேடினால் ஒன்றும் சிக்காது, பிழையும் வராது. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். விண்டோஸ் கணினியில் இதை விட்டால் எழுத்துகள் குழம்பியோ, திறக்கும்போதே பிழையாகவோ வரும்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத சிக்கல். "கிளிநொச்சி" என்ற பெயரில் வரும் "நொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒன்று, ந-வுக்குப் பிறகு ஒகரக் குறி ஒன்றே; அதன் எண் 3018. மற்றது, எகரக் குறியும் காலும் தனித்தனியாக, 3014, 3006. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். லென் என்று கேட்டால் முதலாவது 10 என்றும் இரண்டாவது 11 என்றும் சொல்லும். ஒரு வடிவத்தில் எழுதிய கோலம் மற்ற வடிவத்தோடு பொருந்தாது. யூனிகோட்டேட்டா தொகுதியிலுள்ள நோர்மலைஸ் சார்பில் "என்எஃப்சி" என்று கொடுத்தால் எல்லாம் ஒற்றைக் குறிக்கு வந்துவிடும். உரையை வாசித்ததும் செய்யும் முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கால்பேக் எதற்கு என்று பாருங்கள்

ரீ.சப் என்பதற்கு மூன்று பொருள்கள் தேவை: தேட வேண்டிய கோலம், அதற்குப் பதிலாக வைக்க வேண்டியது, உரை. பதிலாக வைப்பது ஒரு சரமாக இருக்கலாம். "([0-9]+) அடி" என்று தேடி "\\1 மீற்றர்" என்று மாற்றினால் "34 அடி" என்பது "34 மீற்றர்" ஆகிவிடும். பெயர்ப்பலகை மாறியது, எண் மாறவில்லை. சரத்தால் பெருக்கத் தெரியாது.

அந்த இடத்தில் சரத்துக்குப் பதிலாக ஒரு சார்பின் பெயரைக் கொடுக்கலாம். கோலம் பொருந்தும் ஒவ்வொரு இடத்திலும் பைத்தன் அந்தச் சார்பை அழைத்து, பொருத்தத்தைப் பற்றிய விவரம் எல்லாம் அடங்கிய ஒரு பொருளைக் கையில் கொடுக்கும். சார்பு திருப்பித் தரும் சரம் அந்த இடத்தில் போய் உட்காரும். இந்தச் சார்புதான் கால்பேக். அதை அழைப்பது நீங்கள் அல்ல, ரீ.சப்தான். எத்தனை தடவை, எந்தத் துண்டோடு அழைக்கும் என்பதைக் கோலமே முடிவு செய்கிறது. சோதிக்கும்போது இந்த இரண்டு பாகத்தையும் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

படி 2: கணக்கைத் தனியே, கால்பேக்கைத் தனியே எழுதுங்கள்

1 அடி என்பது சரியாக 0.3048 மீற்றர். 1 அங்குலம் 0.0254 மீற்றர்.

இம்போர்ட் ரீ

டெஃப் கணக்கு(அடி, அங்குலம்):
    அளவு = அடி * 0.3048 + அங்குலம் * 0.0254
    ரிட்டர்ன் ஃபோர்மற்(அளவு, ".2எஃப்")

கோலம் = ரீ.கம்பைல்("([0-9]+) அடி(?: ([0-9]+) அங்குலம்)?")

டெஃப் மீற்றராக்கு(பொருத்தம்):
    அடி = இன்ட்(பொருத்தம்.குரூப்(1))
    அங்குலம் = இன்ட்(பொருத்தம்.குரூப்(2) ஓர் 0)
    ரிட்டர்ன் கணக்கு(அடி, அங்குலம்) + " மீற்றர்"

குரூப்(2) பக்கத்தில் "ஓர் 0" இருப்பதைக் கவனியுங்கள். அங்குலம் எழுதாத வரிகளில் இரண்டாவது குழு பொருந்தாது. அப்போது குரூப்(2) வெற்றுச் சரம் தராது, 'நன்' (ஒன்றுமில்லை) என்பதைத் தரும். அதை இன்ட்டிடம் கொடுத்தால் டைப்எரர் விழும். மாற்றீடு வெறும் சரமாக இருந்தால், பொருந்தாத குழுவுக்குப் பைத்தன் 3.5 முதல் வெற்றிடம் வைத்துவிடும். கால்பேக்கில் அந்தச் சலுகை கிடையாது. கோலத்தில் கேள்விக்குறி போட்ட குழு இருந்தால், அது பொருந்தாத வரி ஒன்று உங்கள் சோதனையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

லாம்டா என்ற பெயரில்லாச் சார்பை எழுதி ஒரே வரியில் முடித்துவிடலாமே என்று தோன்றும். நான் அதை விரும்புவதில்லை. பெயருள்ள சார்பைத் தனியாக அழைத்துப் பார்க்கலாம், பிழை வந்தால் எந்தச் சார்பில் என்று பெயரோடு தெரியும்.

படி 3: கால்பேக்கை மட்டும் சோதியுங்கள்

கணக்கு(34, 6) என்று நேரே அழைத்து 10.52 வருகிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்பார்க்கும் விடையைக் கல்குலேட்டரில் போட்டு முன்கூட்டியே எழுதி வையுங்கள். நிரல் சொன்ன விடையைப் பார்த்துவிட்டு அதையே எதிர்பார்ப்பு என்று எழுதினால் அது சோதனை ஆகாது.

பிறகு கால்பேக். அதற்கு ஒரு பொருத்தப் பொருள் வேண்டும். போலியாக ஒன்றைச் செய்யத் தேவையில்லை. கோலத்தையே கொண்டு ஒன்றை எடுக்கலாம்:

துண்டு = கோலம்.சேர்ச்("34 அடி 6 அங்குலம்")
அசேர்ட் மீற்றராக்கு(துண்டு) == "10.52 மீற்றர்"

அசேர்ட் எழுதும்போது நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள். அப்படிப் போட்டால் பைத்தன் அதை இரண்டு உறுப்புள்ள தொகுப்பாக எடுத்துக்கொள்ளும். வெறுமையில்லாத தொகுப்பு எப்போதும் உண்மை. அந்தச் சோதனை ஒருநாளும் தோற்காது.

கால்பேக் என்ன திருப்பித் தருகிறது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எண்ணைத் திருப்பித் தந்தால் பைத்தன் டைப்எரர் என்று கத்தும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். ரிட்டர்ன் எழுத மறந்தால் சார்பு 'நன்' தரும். அப்போது பைத்தன் கத்தாது. பொருந்திய துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடும். "இரணைமடு 34 அடி, வான் கதவு பூட்டு" என்ற வரி "இரணைமடு , வான் கதவு பூட்டு" என்று நிற்கும். ஆயிரம் வரிக் கோப்பில் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. சார்புக்குள் இஃப் கிளைகள் இருந்தால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சோதனை வையுங்கள். ஏதோ ஒரு கிளையில் மட்டும் ரிட்டர்ன் விடுபட்டுப்போவது சாதாரணமாக நடக்கும்.

படி 4: முழு மாற்றீட்டையும் அட்டவணை போட்டுச் சோதியுங்கள்

சோதனைகள் = [
    ("இரணைமடு 34 அடி 6 அங்குலம்", "இரணைமடு 10.52 மீற்றர்"),
    ("முத்தையன்கட்டு 20 அடி", "முத்தையன்கட்டு 6.10 மீற்றர்"),
    ("வவுனிக்குளம் 18 அடி, அக்கராயன் 15 அடி", "வவுனிக்குளம் 5.49 மீற்றர், அக்கராயன் 4.57 மீற்றர்"),
    ("இன்று வான் பாயவில்லை", "இன்று வான் பாயவில்லை"),
]

ஃபோர் உள்ளீடு, எதிர்பார்ப்பு இன் சோதனைகள்:
    விடை = கோலம்.சப்(மீற்றராக்கு, உள்ளீடு)
    அசேர்ட் விடை == எதிர்பார்ப்பு, (உள்ளீடு, விடை)

சார்பின் பெயரை மட்டும் கொடுக்கிறோம்; பக்கத்தில் அடைப்புக்குறி இல்லை. மீற்றராக்கு() என்று எழுதினால் பொருத்தம் கைக்கு வருமுன்னரே நீங்களே அதை அழைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முத்தையன்கட்டு வரியை ஏன் வைத்தேன் என்றால், 20 அடி 6.096 மீற்றர். வெறும் ரவுண்ட் போட்டுச் சரமாக்கினால் "6.1" என்று வரும், ஃபோர்மற் போட்டால் "6.10". ஒரு நிரலில் இரண்டும் கலந்து வருவது பார்க்க நன்றாக இராது. வவுனிக்குளம் வரி, ஒரே வரியில் இரண்டு பொருத்தம் இருந்தால் இரண்டும் மாறுகின்றனவா என்று பார்க்கிறது. கடைசி வரி எதுவும் மாறக் கூடாதது. மாறக் கூடாத வரிகள் உங்கள் அட்டவணையில் பாதியாவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

எத்தனை இடத்தில் மாறியது என்றும் சேர்த்துப் பார்க்க 'சப்என்' என்பதைப் பயன்படுத்துங்கள். அது மாறிய உரையையும் எண்ணிக்கையையும் சோடியாகத் தரும்.

எண்ணிக்கை என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கோலத்தைக் கம்பைல் பண்ணாமல் ரீ.சப்பை நேரடியாக அழைத்தால், நான்காவது இடம் எத்தனை மாற்றம் என்ற எண்ணுக்கு உரியது, தேடும் விதத்தை மாற்றும் தெரிவுகளான கொடிகளுக்கு அல்ல. ரீ.மல்டிலைனை அந்த இடத்தில் வைத்தால் அதன் மதிப்பு 8 என்பதால், எட்டு மாற்றங்களோடு வேலை நின்றுவிடும். நாலு வரி வைத்துச் சோதித்தால் எல்லாம் சரியாகத் தெரியும், பெரிய கோப்பில் ஒன்பதாவது இடத்திலிருந்து ஒன்றுமே மாறியிராது. கொடிகளைக் கம்பைலிலேயே கொடுத்தால் இந்த வம்பு இல்லை.

படி 5: உண்மையான குறிப்புகளை எடுத்து முட்ட விடுங்கள்

மேலே உள்ள அட்டவணை நாமே நமக்குச் சாதகமாக எழுதிக்கொண்டது. கொப்பியில் மனிதர்கள் அப்படி எழுதமாட்டார்கள். கொஞ்சம் உண்மையான வரிகளைக் கொண்டுவருவோம்.

"மட்டம் 34.5 அடி". இதை நம் நிரலில் விட்டால் வருவது: "மட்டம் 34.1.52 மீற்றர்". என்ன நடந்தது என்று பார்க்க, கால்பேக் எதைப் பார்த்தது என்று பதிந்துவைக்கும் ஒரு சார்பை எழுதுங்கள்:

பார்த்தவை = []

டெஃப் கவனி(பொருத்தம்):
    பார்த்தவை.அப்பெண்ட்(பொருத்தம்.குரூப்(0))
    ரிட்டர்ன் மீற்றராக்கு(பொருத்தம்)

கோலம்.சப்(கவனி, "மட்டம் 34.5 அடி")

இப்போது பார்த்தவை என்ற பட்டியலில் இருப்பது "5 அடி" மட்டுமே. கால்பேக்கில் பிழை இல்லை. 5 அடி 1.52 மீற்றர்தான். கோலம் தவறான துண்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. இப்படிப் பார்த்தவையைப் பார்த்தால் பிழை கோலத்திலா கால்பேக்கிலா என்று உடனே பிரித்துச் சொல்லலாம். "1,200 அடி" என்பதும் இதேபோல் "1,60.96 மீற்றர்" என்று சிதையும்.

திருத்தம் இரண்டு பக்கமும் வேண்டும். தசமத்தையும் சேர்த்துப் பிடிக்க ([0-9]+(?:[.][0-9]+)?) என்று எழுதி, இன்ட்டுக்குப் பதிலாக ஃப்ளோட் போடுங்கள். எண்ணின் நடுவிலிருந்து தொடங்காதபடி முன்னால் (?<![0-9.,]) வையுங்கள், இலக்கமோ புள்ளியோ காற்புள்ளியோ முன்னால் இருந்தால் அங்கே தொடங்காதே என்று பொருள். இதன் பிறகு "34.5 அடி" 10.52 ஆகும். 34 அடி 6 அங்குலமும் 10.52. இரண்டும் ஒரே உயரம் என்பதால், இரண்டு வரியும் ஒரே விடை தர வேண்டும் என்பதையே ஒரு சோதனையாக வைக்கலாம். இப்படி ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் சோடிகள் எனக்கு மிகவும் பிடித்தவை.

படி 6: தமிழ் விகுதிகள்

இங்கேதான் நிறையப் பேர் கைவிட்டுவிடுகிறார்கள், இங்கேதான் கால்பேக்கின் உண்மையான பயனும் தெரிகிறது. "குளத்தின் மட்டம் 34 அடியாக உள்ளது" என்ற வரியைப் பாருங்கள். நம் நிரல் தருவது "10.36 மீற்றர்யாக உள்ளது". யாரும் அப்படி எழுதமாட்டோம். மீற்றராக என்றுதான் எழுதுவோம். இதைவிட மோசமானது "63 அடியார்" என்ற தொடர். அது "19.20 மீற்றர்யார்" ஆகிவிடும்.

சொல் முடியும் இடத்தைச் சொல்ல ரெஜெக்ஸில் ஒரு குறி உண்டு: பின்சாய்கோடும் பி என்ற எழுத்தும். அதை "அடி"க்குப் பின்னால் வைத்தால் போதும் என்றுதான் ஆங்கிலப் பாடங்களில் படித்திருப்போம். பைத்தனின் ரீ தொகுதியில் அது தமிழுக்கு நேர் எதிராக வேலை செய்யும். ரீயின் கணக்கில் க, ந, ய போன்ற எழுத்துகள் சொல்லெழுத்து. இகரக் குறியும் புள்ளியும் மற்ற உயிர்க்குறிகளும் சொல்லெழுத்து அல்ல. "அடி" என்ற சொல் இகரக் குறியில் முடிகிறது. அதற்குப் பின் இடைவெளி வந்தால், இரண்டுமே சொல்லெழுத்து அல்லாதவை, ஆகவே எல்லை இல்லை என்று சொல்லிவிடும். "அடியார்" என்பதில் இகரக் குறிக்குப் பின் ய வருகிறது. அங்கே எல்லை இருக்கிறது என்று சொல்லும். அதாவது, வேண்டிய இடத்தில் பொருந்தாது, வேண்டாத இடத்தில் பொருந்தும். இரண்டு வரியையும் உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள்; சரத்துக்குள் பின்சாய்கோட்டை இரண்டு தடவை தட்டுங்கள், இல்லாவிட்டால் பைத்தன் அதை வேறு குறியாக எடுத்துக்கொள்ளும். ஒருமுறை பார்த்தால் பிறகு மறக்காது.

அதற்குப் பதில் நாமே எல்லை வரைவோம். (?![ஃ-௯]) என்றால், அடுத்து ஆய்தம் முதல் தமிழ் எண் ஒன்பது வரையுள்ள எந்தக் குறியும் வரக் கூடாது என்று பொருள். உயிர், மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாம் இந்த வரிசைக்குள் அடங்கிவிடும். பிறகு, நமக்குத் தெரிந்த விகுதிகளை ஒரு குழுவாகப் பிடித்து, அகராதி ஒன்றில் தேடி எடுப்போம்:

வடிவம் = {
    "": "மீற்றர்",
    "யாக": "மீற்றராக",
    "யை": "மீற்றரை",
    "க்கு": "மீற்றருக்கு",
    "யில்": "மீற்றரில்",
}

கோலம் = ரீ.கம்பைல்(
    "(?<![0-9.,])([0-9]+(?:[.][0-9]+)?) அடி"
    "(?: ([0-9]+) அங்குலம்|(யாக|யை|க்கு|யில்))?"
    "(?![ஃ-௯])")

டெஃப் மீற்றராக்கு(பொருத்தம்):
    அடி = ஃப்ளோட்(பொருத்தம்.குரூப்(1))
    அங்குலம் = இன்ட்(பொருத்தம்.குரூப்(2) ஓர் 0)
    விகுதி = பொருத்தம்.குரூப்(3) ஓர் ""
    ரிட்டர்ன் கணக்கு(அடி, அங்குலம்) + " " + வடிவம்[விகுதி]

அட்டவணையில் இவற்றைச் சேருங்கள்:

    ("மட்டம் 34 அடியாக உள்ளது", "மட்டம் 10.36 மீற்றராக உள்ளது"),
    ("36 அடிக்கு மேல் போனால்", "10.97 மீற்றருக்கு மேல் போனால்"),
    ("63 அடியார்", "63 அடியார்"),
    ("34 அடியாகவும்", "34 அடியாகவும்"),

கடைசி வரியைப் பார்த்து, "அடியாகவும் என்பதும் மாற வேண்டியதுதானே, ஏன் மாறாமல் விட வேண்டும்?" என்று கேட்பீர்கள். நம் பட்டியலில் "யாகவும்" இல்லை. தெரியாத விகுதி வந்தால் தொடாமல் விடுவது நாம் வேண்டுமென்றே எடுத்த முடிவு. மாறாமல் நிற்கும் "34 அடியாகவும்" உண்மையான தகவல்தான், வாசிப்பவருக்கு விளங்கும். அரைகுறையாக மாறிய வரி அப்படியல்ல. அந்த முடிவைச் சோதனையாகவே எழுதி வைத்தால், பின்னால் நிரலைத் தொடுகிறவருக்கும் அது தெரியும்.

சரி, இப்போது "34 அடி 6 அங்குலமாக" என்ற வரியை ஓட்டிப் பாருங்கள். "10.36 மீற்றர் 6 அங்குலமாக" என்று வரும். "அங்குலமாக" என்பது "அங்குலம்" என்ற கோலத்தோடு பொருந்தவில்லை. ஆகவே ரெஜெக்ஸ் அந்தப் பகுதியை விட்டுவிட்டு "34 அடி"யை மட்டும் எடுத்துக்கொண்டது. நான் சொன்ன அரைகுறை மாற்றம் இதுதான். தனியே அடிக்கும் தனியே அங்குலத்துக்கும் எழுதிய சோதனைகள் இதைக் காட்டித் தராது. இரண்டும் விகுதியோடு சேர்ந்து வரும் வரிதான் காட்டித் தரும். கோலத்தின் கடைசித் துண்டை இப்படி மாற்றுங்கள்:

(?![ஃ-௯]| [0-9.]+ அங்குல)

பின்னால் இன்னும் அங்குலக் கணக்கு நிற்கிறது என்றால் தொடாதே என்று இதற்குப் பொருள். இனி அந்த வரி முழுதாகவே மாறாமல் நிற்கும். அங்குலத்தின் விகுதிகளையும் அகராதியில் சேர்ப்பது உங்களுக்கான பயிற்சி; அங்குலமாக, அங்குலத்தை, அங்குலத்துக்கு என்று உருவம் மாறுவதால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

படி 7: இன்னும் சில சின்னச் சோதனைகள்

மாற்றிய உரையையே மறுபடி நிரலில் விடுங்கள். இரண்டாவது தடவை எதுவும் மாறக் கூடாது. ஒரே கோப்பைத் தவறுதலாக இரண்டு முறை ஓட்டுவது எங்கும் நடக்கிறதே.

வெற்றுச் சரத்தைக் கொடுத்துப் பாருங்கள். கோலத்தில் எல்லாமே விருப்பப் பகுதியாக இருந்தால், உதாரணமாக [0-9]* என்று எழுதினால், ஒன்றுமில்லாத இடத்திலும் அது பொருந்தி, கால்பேக்கை வெறுங்கையோடு அழைக்கும். அங்கே இன்ட் வேல்யூஎரர் தரும். கால்பேக்குக்குள் பிழை விழுந்தால் மாற்றீடு முழுவதும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஆனால் மூல உரைக்கு ஒன்றும் ஆகாது, பைத்தனில் சரம் மாறாதது.

இலக்கத்துக்கு [0-9] என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. பின்சாய்கோடும் டி-யும் சேர்ந்த சுருக்கக் குறி, பைத்தன் 3-இல் தமிழ் எண்களான ௩, ௪ போன்றவற்றோடும் பொருந்தும். இன்ட்டும் "௩௪" என்பதை 34 என்று சரியாகவே வாசிக்கும். அது உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்து, அதற்கும் ஒரு வரி போடுங்கள்.

வேறு மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல். ஜாவாஸ்கிரிப்டில் ரிப்ளேஸ் முறைக்கும் இதேபோல் சார்பைக் கொடுக்கலாம். ஆனால் பொருத்தப் பொருள் வராது. முழுத் துண்டு, ஒவ்வொரு குழு, இடம் என்று தனித்தனியாக வரும். ஜி கொடி இல்லாவிட்டால் முதல் இடம் மட்டும் மாறும். ரிட்டர்ன் மறந்தால் "அன்டிஃபைன்ட்" என்ற சொல்லே உரையில் வந்து விழும். பிஎச்பியில் இதற்கென்றே தனிச் சார்பு இருக்கிறது. தமிழுக்கு யு கொடியை மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துகளைப் பைட் பைட்டாக உடைத்துப் பார்க்கும். அட்டவணை போட்டுச் சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் பொது.

படி 8: முழுக் கோப்பையும் மாற்றுங்கள், மிச்சத்தைப் பாருங்கள்

மூலக் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள். விடையை வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு விடையில் தளர்வான ஒரு கோலத்தால் தேடுங்கள்:

ஃபோர் வரி இன் விடை.ஸ்பிளிட்லைன்ஸ்():
    இஃப் ரீ.சேர்ச்("[0-9] *அடி", வரி):
        பிரின்ட்(வரி)

இது நம் கோலம் தொடாமல் விட்ட வரிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். "34அடி" என்று இடைவெளி விடாமல் எழுதியவை, "அடியிலிருந்து", "அடியாகவும்" போன்ற பட்டியலில் இல்லாத விகுதிகள், காற்புள்ளி போட்ட எண்கள், உண்மையிலேயே விட வேண்டிய அடியார்கள் எல்லாம் இதில் இருக்கும். ஒவ்வொன்றாகப் பாருங்கள். குறிப்பை எழுதியவர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கேளுங்கள். "34 அடி 14 அங்குலம்" என்று இருந்தால் எதை எழுத நினைத்தார் என்று அவருக்குத்தான் தெரியும். நம் நிரல் அதையும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடும் என்பதால், 11-ஐ விடக் கூடிய அங்குலம் வந்தால் பொருத்தம்.குரூப்(0)-வை அப்படியே திருப்பித் தரும்படி கால்பேக்கில் ஓர் இஃப் சேர்ப்பது நல்லது. துண்டைத் தொடாமல் விட வேண்டுமென்றால் கால்பேக்கில் அதற்கு இதுதான் வழி.

புதிய வடிவம் ஒன்று கண்ணில் பட்டால், முதலில் அதை அட்டவணையில் ஒரு வரியாகச் சேருங்கள். சோதனை தோற்பதைப் பாருங்கள். பிறகுதான் கோலத்தையோ அகராதியையோ தொடுங்கள். தொட்டதும் அட்டவணை முழுவதையும் மறுபடி ஓட்டுங்கள், புதிய வரியை மட்டும் அல்ல. அட்டவணை பெரிதானதும் பைத்தனோடு வரும் யூனிட்டெஸ்ட் தொகுதிக்கு மாறலாம். அசேர்ட் முதல் தோல்வியிலேயே நின்றுவிடும். யூனிட்டெஸ்டில் சப்டெஸ்ட் என்பதைப் பயன்படுத்தினால் தோற்ற வரிகள் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் காட்டும்.